"இந்த மருந்து கேட்குமா டாக்டர்?" - உடம்புக்கு வெளியே விடை தேடும் இளம் பயோடெக் நிறுவனங்கள்!

காலை 5 மணி. திண்டிவனத்தில் புதுச்சேரி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் சிலரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கையில் கட்டைப்பை. அதற்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கேன் கவர். ஒரு ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் ஃபைல், குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துண்டு. கிளியனூர் தாண்டி, கோரிமேட்டில் ஜிப்மர் வாசலில் இறங்கிவிடுவார்கள். விழுப்புரத்திலும் இதே காட்சிதான், திசைதான் வேறு வேறு. சிலர் ஜிப்மருக்கு, சிலர் ரயிலேறி சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு, சிலர் காட்பாடி மார்க்கமாக வேலூர் சி.எம்.சி-க்கு.

இவர்களில் கீமோதெரபிக்குப் போகிறவர்களின் காலண்டரே வேறு. பலருக்கு 21 நாள்களுக்கு ஒரு 'சைக்கிள்'. மருந்து ஏறிய முதல் வாரம் வாந்தி, வாய்ப்புண், சோர்வு. இரண்டாவது வாரம் ரத்த அணுக்கள் குறையும். மூன்றாவது வாரம் கொஞ்சம் தெம்பு வரும்போது, அடுத்த சைக்கிளுக்குப் பை கட்ட வேண்டும். இரண்டு, மூன்று சைக்கிள் முடிந்ததும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சுருங்கியிருந்தால் அதே மருந்து தொடரும். சுருங்கவில்லை என்றால் வேறு மருந்து. அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். முடியும் கொட்டியிருக்கும்.

"இந்த மருந்து எங்க அம்மாவுக்குக் கேட்குமா டாக்டர்?" என்று முதல் நாளே கேட்காத குடும்பம் இருக்காது. 'இந்த வகைப் புற்றுநோய்க்கு, இந்தக் கட்டத்தில், பெரும்பாலானவர்களுக்கு நன்றாக வேலை செய்கிற மருந்து இது' என்பதுதான் டாக்டர் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில். ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த பதில் அது. ஆனால், மகன் கேட்டது ஆயிரம் பேரைப் பற்றியல்ல, அம்மா ஒருவரைப் பற்றி.

அந்த ஒருவருக்கான பதிலை உடம்புக்கு வெளியே, ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா? உலகம் முழுக்க பல ஆய்வுக் குழுக்களும், கல்லூரி வளாகங்களில் பிறந்த சின்னச் சின்ன பயோடெக் நிறுவனங்களும் இப்போது துரத்திக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். அதில் ஒரு முக்கியமான துண்டு, திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் சென்னை ஐ.ஐ.டி-யில் உருவானது.

யூரின் டெஸ்ட்டில் முடிகிறது, கட்டியில் ஏன் முடியவில்லை?

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், டாக்டர் 'யூரின் கல்ச்சர்' எழுதித் தருவார். லேப்பில் அந்தச் சிறுநீரில் இருக்கும் பாக்டீரியாவை ஒரு தட்டில் வளரவிட்டு, அதன்மேல் வெவ்வேறு ஆன்டிபயாட்டிக் மருந்துகளை வைத்துப் பார்ப்பார்கள். எந்த மருந்தைச் சுற்றி பாக்டீரியா வளரவில்லையோ, அது கேட்கிற மருந்து. இரண்டு, மூன்று நாள்களில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும்.

புற்றுநோய்க் கட்டிக்கும் இதையே செய்தால் என்ன என்ற யோசனை புதிதல்ல. 1977-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் ஹாம்பர்கர், சிட்னி சால்மன் இருவரும் நோயாளிகளின் கட்டி செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே மருந்துகளையும் அதில் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால், நடைமுறையில் பாதி வழியிலேயே நின்றது. காரணம் எளிமையானது. சிறுநீர்த் தொற்றில் வரும் பாக்டீரியாக்களில் பல, தட்டில் ஒரே ராத்திரியில் வளர்ந்துவிடும். மனித செல் அப்படியல்ல. சூடு 37 டிகிரி இருக்க வேண்டும், காற்றில் 5 சதவிகிதம் கார்பன் டை ஆக்ஸைடு இருக்க வேண்டும், சாப்பாடு நேரத்துக்கு மாற வேண்டும். இவ்வளவு செய்தும் பலருடைய கட்டி செல்கள் வளரவே இல்லை.

வளர்ந்து காட்டிய செல்களும் உண்டு. 1951-ல் அமெரிக்காவில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் செல்கள் இன்றுவரை உலக ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 'ஹீலா' செல்கள் என்று பெயர். (அவரிடமோ குடும்பத்திடமோ யாரும் அனுமதி கேட்கவில்லை என்பது தனிக்கதை.) பல ஆண்டுகளாகப் புற்றுநோய் மருந்து ஆராய்ச்சி இப்படிப்பட்ட, எப்போதோ யாரிடமோ எடுக்கப்பட்ட செல்களை நம்பித்தான் நடந்தது. தட்டையான பிளாஸ்டிக் தட்டில் ஒரே அடுக்காகப் படர்ந்திருக்கும் செல்கள்.

சமையலறைக் கணக்கில் சொன்னால், அது தோசை. உண்மையான கட்டி, இட்லி. தோசையில் மேலே ஊற்றும் நெய் எல்லா இடத்துக்கும் போய்விடும். இட்லியின் நடுப்பகுதிக்குச் சாம்பார் ஊற நேரமாகும். கட்டியிலும் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் சரியாகப் போகாது, மருந்தும் எளிதில் போய்ச் சேராது. 'தோசை'யில் எல்லா செல்களையும் கொன்ற மருந்து 'இட்லி'யில் தோற்றுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் கடைசியில் அனுமதி பெறுவது 100-க்கு ஏறத்தாழ 5 மட்டுமே.

குட்டி உறுப்புகள் வந்த கதை

2009-ல் நெதர்லாந்தின் ஹ்யூப்ரெக்ட் ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவில் இருந்த ஜப்பானியர் தோஷிரோ சாட்டோ, எலியின் குடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு ஸ்டெம் செல்லை ஜெல் போன்ற பொருளுக்குள் வைத்து வளர்த்தார். அது தட்டையாகப் படராமல், தானாகவே மடிந்து, சுருண்டு, ஒரு குட்டிக் குடலைப் போல உருவெடுத்தது. இதற்கு 'ஆர்கனாய்டு' என்று பெயர். பிறகு கல்லீரல், மூளை, கணையம் என்று குட்டி உறுப்புகளின் வரிசை நீண்டது. கடைசியில் நோயாளியின் கட்டியிலிருந்தே குட்டிக் கட்டிகளை வளர்க்க ஆரம்பித்தார்கள்.

இந்தக் குட்டிக் கட்டி உண்மையிலேயே நோயாளியைப் போல நடந்துகொள்கிறதா? 2018-ல் 'சயின்ஸ்' இதழில் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பரவிவிட்ட குடல், வயிற்றுப் புற்றுநோய் உள்ள 71 நோயாளிகளிடமிருந்து திசு எடுத்து, அதிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்து, நோயாளிகள் வாங்கிய அதே மருந்துகளை அவற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்கனாய்டில் 'கேட்கும்' என்று வந்த மருந்து, நோயாளியிடமும் கேட்டது 88 சதவிகிதம். 'கேட்காது' என்று வந்த மருந்து, நோயாளியிடமும் கேட்கவில்லை. அது 100 சதவிகிதம்.

ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட நோயாளிகள் குறைவுதான். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே எண்ணிக்கை வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆனால், அந்த இரண்டாவது எண்ணில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எந்த மருந்து வேலை செய்யும் என்பதைவிட, எது செய்யாது என்பதை இந்தச் சோதனை நன்றாகச் சொல்கிறது. கட்டைப்பையுடன் பஸ்ஸில் போகும் அம்மாவுக்கு, பலன் தராத மூன்று சைக்கிள்களின் வாந்தியும் வாய்ப்புண்ணும் மிச்சம் என்றால், அது சின்ன விஷயமில்லை.

சென்னையில் பிறந்த 5 டாலர் சிப்

ஆர்கனாய்டு வளர்ப்பதில் பெரிய தலைவலி, அதை வளர வளரப் பார்ப்பது. வழக்கமான தட்டில் வளர்த்தால், மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுபோக இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். சூடு குறையும், கிருமி புகுந்துவிடும். உள்ளே வைத்தபடியே பார்க்கும் தட்டுகளின் விலை அதிகம். அவை எல்லா மைக்ராஸ்கோப்புக்கும் பொருந்தாது. புதிய ஊட்டத் திரவத்தை ஓட விடவும் வழியில்லை.

சென்னை ஐ.ஐ.டி-யின் ஆதரவில் வளர்ந்த 'இஸ்மோ பயோ-ஃபோட்டானிக்ஸ்' நிறுவனத்தின் இக்ராம் கான், ஐ.ஐ.டி மின் பொறியியல் துறைப் பேராசிரியர் அனில் பிரபாகர், அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் நரம்பியல் ஆய்வாளர் மிருகாங்க சுர் குழுவினர் ஆகியோர் சேர்ந்து இதற்கு ஒரு தீர்வைச் செய்தார்கள். 2021-ல் 'பயோமைக்ரோஃப்ளூயிடிக்ஸ்' என்ற ஆய்விதழில் அது வெளியானது.

பார்க்க எளிமையான பொருள். பணியாரக்கல்லைச் சின்னதாக்கிக் கற்பனை செய்துகொள்ளலாம். குழிகளில் மாவுக்குப் பதில் செல்கள். குழிகளுக்கு மெல்லிய கால்வாய்கள் போகும். அதன் வழியே இளஞ்சூடான ஊட்டத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சொட்டு நீர்ப் பாசனம் பார்த்த விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. மருந்து கொடுக்க வேண்டும் என்றால் அதே வழியில் அனுப்பலாம். மேலே கண்ணாடி மூடி. மைக்ராஸ்கோப்பில் வைத்தபடியே நாள் முழுக்கக் கவனிக்கலாம்.

செய்யும் விதமும் சாதாரணமானதுதான். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும், உடம்புக்குக் கேடு செய்யாத ரெசினை 3டி பிரின்டரில் அச்சிட்டு, புற ஊதாக் கதிரில் இறுகவைத்து, கிருமி நீக்கம் செய்தால் சிப் தயார். ஒன்றின் தயாரிப்புச் செலவு சுமார் 5 டாலர். அன்றைய மதிப்பில் 400 ரூபாய்க்கும் குறைவு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டியதில்லை, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, உலர்த்தி, ஆட்டோக்ளேவில் வைத்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்று இக்ராம் கான் அப்போது விளக்கியிருந்தார்.

இந்தச் சிப்பில் அவர்கள் வளர்த்தது மனித செல்களிலிருந்து உருவான மூளைத் திசு. ஏழு நாள்கள் அதன் வளர்ச்சியைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. வழக்கமான முறையில் வளர்க்கும்போது நடுவில் இருக்கும் செல்கள் நிறைய இறந்துபோகும். (இட்லியின் நடுப்பகுதி!) சிப்பில் அந்த இறப்பு குறைவாக இருந்தது. புற்றுநோய்க் கட்டியை இதில் வளர்த்து நோயாளிக்கு மருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம், அது நடக்கவில்லை. அதை நோக்கிப் போகும் கருவிகளில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நடந்தது அதுதான்.

மூளைத் திசு வளர்த்த சிப்பின் பின்னால் இருந்த சென்னைப் பேராசிரியர் உயிரியல் துறைக்காரர் அல்ல, மின் பொறியியல் துறைக்காரர். இது விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களுக்கு ஏன் முக்கியம் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மாணவர்களாக ஆரம்பித்தவர்கள்

வளாகத்திலிருந்து நிறுவனமாக வளர்ந்த கதைகள் இந்தியாவில் வேறு சிலவும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த துஹின் பௌமிக், அருண் சந்துரு இருவரும் 2011-ல் 'பண்டோரம் டெக்னாலஜீஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2015-ல், கல்லீரலின் சில வேலைகளைச் செய்யும் திசுவை 3டி முறையில் அச்சிட்டிருப்பதாக அறிவித்தார்கள். உடம்புக்குள் போகும் மருந்துகளில் பலவற்றைக் கையாள்வது கல்லீரல்தான். ஒரு புதிய மருந்து அதைக் கெடுக்குமா என்று மனிதருக்குக் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட திசு உதவும். அந்த நிறுவனம் பிறகு கண்ணின் கருவிழித் திசு பக்கம் கவனத்தைத் திருப்பியது. ஸ்டார்ட்அப் உலகில் இது சகஜம். ஆரம்பித்த இடத்திலேயே முடிப்பவர்கள் குறைவு.

சோதனைக் கருவியோடு நிற்காமல் சிகிச்சை வரைக்குமே போன கதை மும்பையில் நடந்தது. ஐ.ஐ.டி பம்பாய் பேராசிரியர் ராகுல் புர்வாரின் ஆய்வகத்தில் பிஹெச்.டி செய்துகொண்டிருந்த அல்கா திவிவேதி, அதர்வ கருல்கர் போன்ற மாணவர்களின் உழைப்பிலிருந்து 2018-ல் 'இம்யூனோஆக்ட்' நிறுவனம் வந்தது. நோயாளியின் நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப அவருக்கே ஏற்றும் 'கார்-டி' சிகிச்சை அது. டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து சோதித்து, 2023 அக்டோபரில் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை அறிமுகப்படுத்தினார். சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கான இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஆகும் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இங்கே ஆகிறது. அப்படியும் பல லட்சம் ரூபாய். ஆய்வகத்தில் தொடங்கி நோயாளி வரை வந்துசேர ஏறத்தாழ பத்து வருடம் பிடித்திருக்கிறது. மாணவர் கண்டுபிடிப்பு என்றதும் அடுத்த மாதமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்தப் பத்து வருடத்தைக் கவனிக்க வேண்டும்.

நோயாளியின் கட்டியிலேயே மருந்தைச் சோதிக்கும் வேலையையும் இந்தியாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். பெங்களூருவின் 'மித்ரா பயோடெக்' நிறுவனம், கட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, அந்த நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தையே சேர்த்து, கட்டி பழகிய சூழலிலேயே அதை வைத்து மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. தலை, கழுத்துப் புற்றுநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் செய்த இந்த ஆய்வு 2015-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் ஊர்களில் வாய்ப் புற்றுநோய் எவ்வளவு சகஜம் என்பதை யோசித்தால், இது எவ்வளவு அருகில் இருக்கும் விஷயம் என்று புரியும்.

இதற்கிடையே சட்டமும் மாறியது. புதிய மருந்தை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியது. இந்தியாவும் 2023 மார்ச்சில் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, ஆர்கனாய்டு, உறுப்புச் சிப் போன்ற முறைகளுக்கு இடம் கொடுத்தது. இந்தச் சின்ன நிறுவனங்கள் தயாரிக்கும் கருவிகளுக்கு இது சாதகமான மாற்றம்.

திண்டிவனத்துக்குப் புதிதா இது?

விதைத்துப் பார்த்துவிட்டுத்தான் விவசாயியிடம் கொடுக்க வேண்டும் என்பது திண்டிவனத்துக்குப் பழைய பாடம். நிலக்கடலை, எள் ரகங்களின் பெயருக்கு முன்னால் வரும் 'டி.எம்.வி' என்பது திண்டிவனத்தின் சுருக்கம். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பாத்திகளில் வறட்சியையும் நோயையும் தாங்கிக் காட்டிய ரகங்கள்தான் டி.எம்.வி 7 போன்ற பெயர்களில் ஊர் ஊராகப் போயின. கட்டியை ஆய்வகத்தில் வளர்த்து மருந்து கொடுத்துப் பார்ப்பதும் ஒருவகைச் சோதனைப் பாத்திதான்.

ஆனால், இன்று விழுப்புரம் மாவட்டத்து மாணவர் குழு ஒன்று இப்படி ஒரு நிறுவனம் தொடங்க நினைத்தால் எங்கே முட்டி நிற்கும்?

மூளைக்குப் பஞ்சமில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 'எங்க காலேஜ்ல கம்ப்யூட்டரும் எலெக்ட்ரானிக்ஸும்தான், பயோடெக் இல்லையே' என்று அங்கே படிக்கும் மாணவர் சொன்னால், அவருக்குப் பதில் அந்த 5 டாலர் சிப்பில் இருக்கிறது. திரவத்தை ஒரே சீராகத் தள்ளும் பம்ப், சூட்டைக் கால் டிகிரி கூடாமல் குறையாமல் பிடிக்கும் கன்ட்ரோலர், மைக்ராஸ்கோப் படத்தில் உயிரோடு இருக்கும் செல் எத்தனை, செத்தது எத்தனை என்று எண்ணும் ஏ.ஐ மென்பொருள்... இவற்றில் எதுவும் உயிரியல் பட்டம் கேட்காது. உயிரியல் தெரிந்த ஒரு கூட்டாளி போதும்.

முட்டுக்கட்டை வேறு இடத்தில். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறக்கப்பட்டது. ஜிப்மரிலிருந்தும் அதிக தூரமில்லை. ஆனால், அது லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் ஓடும் ஐ.டி நிறுவனங்களுக்கான இடம். செல் வளர்க்க 'வெட் லேப்' வேண்டும். கிருமி புகாத காற்று வரும் கேபினெட், கார்பன் டை ஆக்ஸைடு இன்குபேட்டர், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், திரவ நைட்ரஜன் சிலிண்டர், மருத்துவக் கழிவை எடுத்துப்போக ஏற்பாடு எல்லாம் வேண்டும். ஆர்கனாய்டு வளரும் ஜெல்லில் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு, அதுவும் உலர் பனிக்கட்டியில் வர வேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றாலோ, ஒரு துளி பூஞ்சை உள்ளே போனாலோ மூன்று வார வேலை போச்சு.

இந்த வசதிகள் கிடைக்கும் இடங்களில் பல சென்னைப் பக்கம்தான் இருக்கின்றன. தரமணியில் டைசல் பயோ பார்க், சிறுசேரியில் பெண்களுக்கான பயோடெக் பார்க், ஐ.ஐ.டி ஆராய்ச்சிப் பூங்காவில் பயோ இன்குபேட்டர்.

பணத்துக்கு வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. மத்திய அரசின் 'பைராக்' அமைப்பு 2012-லிருந்து பயோடெக் யோசனைகளுக்கு நிதி தருகிறது. அதன் 'பிக்' திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. கடன் அல்ல. மாணவர்களுக்கென்றே 'சிதாரே' திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் விருது, கல்லூரியில் இருக்கும்போதே ஐடியாவைச் சோதித்துப் பார்க்க 'இ-யுவா' உதவித்தொகை ஆகியவையும் இருக்கின்றன. தமிழக அரசின் 'ஸ்டார்ட்அப் டி.என்' தரும் 'டான்சீட்' ஆதார நிதி 10 லட்சம் ரூபாய்; பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். ஒரு நல்ல செல் வளர்ப்பு அறை அமைக்கவே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால்தான், அறையைச் சொந்தமாகக் கட்டாமல் இன்குபேட்டரில் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம் என்கிறார்கள் இந்தத் துறையில் இருப்பவர்கள்.

பணத்தைவிடக் கஷ்டமான ஒன்று, திசு. நோயாளியின் கட்டி இல்லாமல் இந்த ஆராய்ச்சியே இல்லை. அது ஆபரேஷன் தியேட்டரிலிருந்து குளிர்ந்த திரவத்தில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் லேப்புக்கு வர வேண்டும். நேரம் ஆக ஆக செல்கள் சாகும். இங்கேதான் தொலைவு விழுப்புரத்துக்குச் சாதகமாகத் திரும்புகிறது. ஜிப்மரின் புற்றுநோய்ப் பிரிவும், முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. சென்னை லேப்புக்கு மூன்று, நான்கு மணி நேரம் போக வேண்டிய குளிர்ப்பெட்டி, திண்டிவனம் லேப்புக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடும். அப்படி ஒரு லேப் இருந்தால்!

மருத்துவமனையும் கல்லூரியும் ஒப்பந்தம் போட வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் எந்த டாக்டரும் ஒரு கிராம் திசுவைக்கூட வெளியே தர மாட்டார், தரவும் கூடாது. சென்னை ஐ.ஐ.டி இதை முறையாகவே செய்துவருகிறது. அங்குள்ள தேசியப் புற்றுநோய் திசு வங்கி, நோயாளிகளின் சம்மதத்தோடு மாதிரிகளைச் சேகரிக்கிறது. இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் மாதிரிகளை மரபணு அளவில் ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் ஜீனோம் அட்லஸ்' என்ற தரவுத் தொகுப்பையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. இதுவரை பெரும்பாலான தரவுகள் வெளிநாட்டு நோயாளிகளுடையவை. நம் ஊர் அம்மாவின் கட்டி அவர்களுடையதைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் எல்லாம் நடந்தது.

குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக 'குளோபோகான்' மதிப்பீடு சொல்கிறது. இறந்தவர்கள் சுமார் 9 லட்சம். இவ்வளவு பெரிய பயம் இருக்கும் இடத்தில், 'உங்க கட்டியை எங்க லேப்ல டெஸ்ட் பண்ணி, எந்தக் கீமோ சரிவரும்னு சொல்றோம், இவ்வளவு ஆகும்' என்று சொல்பவர்களும் வரத்தான் செய்வார்கள்.

இந்தச் சோதனைகள் இன்னும் வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவில்லை. ஆய்வுகளுக்கு வெளியே, இவற்றின் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக் கீமோ மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2011-ல் கருத்து வெளியிட்டிருந்தது. அதற்குப் பிறகு ஆர்கனாய்டுகள் வெகுதூரம் முன்னேறியிருக்கின்றன என்றாலும், குட்டிக் கட்டிக்கு ரத்தக் குழாய் இல்லை, நோய் எதிர்ப்பு செல்கள் இல்லை. வளரப் பல வாரங்கள் ஆகலாம், அதுவரை சிகிச்சை காத்திருக்க முடியாது. சிலருடைய கட்டி வளராமலே போகும். எனவே, நகையை அடகு வைத்து இப்படி ஒரு டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், சிகிச்சை தரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்துகொண்டிருக்கும் கீமோவை இதற்காக நிறுத்தவே கூடாது.

மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா, 'ஹெர்-2' இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள் வேறு. அவை பல ஆண்டுகளாக நிரூபிக்கப்பட்டவை, எந்த மருந்து என்று முடிவு செய்ய டாக்டர்கள் தினமும் நம்புபவை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்கலாம்.

ஆராய்ச்சி நடக்கும் மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்கு முன் இன்னொரு தாளையும் நீட்டலாம். பரிசோதனைக்கு எடுத்தது போக மிஞ்சும் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த சம்மதமா என்று கேட்கும் படிவம். ஹென்ரியட்டா லாக்ஸிடம் யாரும் நீட்டாத தாள் அது. புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லலாம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று நேரம் கேட்கலாம், பிறகு மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்து போடவில்லை என்றாலும் சிகிச்சை அதேதான், அடுத்த சைக்கிளின் தேதியும் அதேதான்.